குற்றாலத்தில் வாங்கிய பிளாக்ஸ் பை: மூன்று சீசனுக்குப் பிறகு

ஆரியங்காவிலிருந்து தோழி போன் செய்தாள். "அக்கா, உங்க வீட்ல இருக்கே அந்த பிளாக்ஸ் பை, அது நல்லா உழைக்குதா? பையனுக்கு வாங்கலாமா?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒன்றன்மேல் ஒன்று செருகிக் கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் உள்ள பை அது. மூன்று சீசனுக்கு முன்னால், குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழிக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த, இதே மாதிரிக் கட்டைக்குப் பேர்போன லெகோ கம்பெனியின் சின்னப் பெட்டி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. கட்டை மேல் புடைத்திருக்கும் குமிழ்கள் இரண்டிலும் நடுவுக்கு நடு 8 மில்லிமீட்டர்தான், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். எத்தனை நாளைக்குப் பொருந்தும் என்பதில்தான் எனக்குக் கோபம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் பிள்ளைகளை வெளியே விட முடியாது, அந்த நாட்களையெல்லாம் ஓட்டியது இந்தப் பைதான். எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது முதுகோடு முதுகு விளையாட்டு. இரண்டு பேருக்கும் அதே நிறத்தில் ஆறாறு கட்டை கொடுத்து, முதுகு ஒட்டி உட்காரவைத்தால், ஒருத்தர் கட்டிக்கொண்டே வாயால் சொல்ல வேண்டும், மற்றவர் திரும்பிப் பார்க்காமல் அதையே கட்ட வேண்டும். இடது, வலது, குறுக்கே, ஓரத்திலிருந்து இரண்டு குமிழ் தள்ளி என்றெல்லாம் என் சின்னவன் பேசப் பழகியது இதில்தான். துணிப்பைக்குள் கைவிட்டுத் தடவிக் குமிழ் எண்ணுவதும் உண்டு.

பெரியவளுக்கு ஒரு கணக்கு வைத்தேன். ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டை இரண்டு, எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வரைந்து, ஒரே திசையில் வைத்தால் 11 என்று சீக்கிரம் பிடித்துவிட்டாள், குறுக்கே வைப்பதில் 13 வர மறுநாள் ஆனது. மொத்தம் 24. அதுவே ஆறு கட்டை என்றால் 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 என்றதும் அதைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டாள்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். பாலருவி ரயிலில் போகும்போது கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் பார்த்ததிலிருந்து சின்னவனுக்கு அதைக் கட்டியே ஆக வேண்டும். கல் பாலத்தில் வளைவுக் கற்கள் தங்கள் பாரத்திலேயே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கட்டையில் அது நடக்காது, இரு பக்கமும் படிப்படியாக வெளியே தள்ளி அடுக்கி நடுவில் சேர்க்க வேண்டும், அப்படித் தள்ளி நிற்கும் கட்டையைத் தாங்குவது பிடிமானம் மட்டும்தான். அந்தப் பிடிமானம் கட்டையின் அடியில் இருக்கும் குழாய்களால் வருவது. லெகோக்காரர்கள் 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் குழாய்களும் அதில் இருந்தன. குற்றாலத்துப் பையில் இரண்டாவது வருடமே அது தளர்ந்துவிட்டது. சுடுதண்ணீரில் கழுவியதால் தளர்ந்திருக்கும் என்று சொல்லாதீர்கள், பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதிலும் நான் போட்டதில்லை. "எம்மா, இது பிடிக்கவே மாட்டேங்கு" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்கிறேன். போன ஞாயிறு ஏழாவது கண்ணில் பொம்மை ரயிலை வைத்ததும் மொத்தமும் சரிந்து, பிள்ளை அழுத அழுகை எனக்குத் தாங்கவில்லை.

ஏற்கெனவே தளர்ந்த கட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தூக்கி எறியாதீர்கள், தூணுக்குப் போடுங்கள். மேலே இருக்கும் பாரமே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளியே தள்ளி நிற்கும் படிகளுக்கு மட்டும் இறுக்கமான கட்டை. நாங்கள் இப்போது அப்படித்தான் கட்டுகிறோம்.

ஆனால் தோழிக்கு என் பதில், வாங்காதே. மூன்று மழைக்காலம் பிள்ளைகளை மகிழ்ச்சியாக வைத்திருந்தது உண்மைதான், இருந்தும் வாங்காதே. அந்தக் காசைச் சேர்த்துவைத்துச் சின்னப் பெட்டியானாலும் நல்லதாக வாங்கு. உன் பையனுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை, வாயில் போடுவான், அதனால் லெகோக்காரர்களே சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும் டூப்ளோ மாதிரிப் பெரிய கட்டையே எடு. எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு அளவு என்பதால் பின்னால் சின்ன லெகோவும் அதன்மேல் உட்காரும், வீணாகாது.

எங்கள் பாலம் இப்போது ஒன்பது கண்ணோடு நிற்கிறது. மிச்சம் நான்குக்கு இறுக்கமான கட்டை போதவில்லை, அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.