‘சிறப்பு அனுமதி’ என்று சொல்லிக் கரடிப் பயணம் விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள்: தரோஜியில் நான் இழந்த 38,500 ரூபாய்

ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் தரோஜி கரடிகள் சரணாலயத்துக்குப் படம் எடுக்கப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். நேற்று முன்தினம்தான் ஊர் திரும்பினேன். எனக்கும் என் தங்கை மகனுக்குமாகக் கட்டிய 38,500 ரூபாய் போய்விட்டது. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்லிவிட்டு, தப்பிக்கும் வழிகளைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். அலுவலகம் கிடையாது. சமூக ஊடகத்தில் ஒரு பக்கம், ஒரு வாட்ஸ்அப் எண், அருமையான படங்கள். காட்டுயிர்ப் புகைப்படக்காரர்களுக்கு மட்டும் பயணம் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்.

தரோஜிக்குப் போனவர்களுக்கு அங்குள்ள சிக்கல் தெரியும். 1994-இல் தேன்கரடிகளுக்காகவே அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. வனத்துறை ஊழியர்கள் எதிரே உள்ள பாறைகளில் வெல்லமும் தேனும் கலந்த குழம்பைப் பூசிவிட்டு வருவார்கள். வெயில் தாழும் நேரத்தில் குகைகளிலிருந்து கரடிகள் இறங்கி வந்து நக்கித் தின்னும். பார்வையாளர்களுக்குக் கண்காணிப்புக் கோபுரம் மட்டும்தான். பாறையோ தூரத்தில் இருக்கிறது. நடுவில் அனல் அலையாடும். எத்தனை விலையுயர்ந்த கேமராவானாலும் உயரத்திலிருந்து எடுத்த படமாகத்தான் வரும். கரடியின் கண்மட்டத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அங்கே போகிற ஒவ்வொருவரின் ஏக்கம்.

அந்த ஏக்கத்தைத்தான் விலை பேசினார்கள். ‘வனத்துறையின் சிறப்பு அனுமதியுடன் பாறை அடிவாரத்தில் தரைமட்ட மறைவிடம், 600 எம்.எம். லென்ஸ், ஜீப், தங்குமிடம், எல்லாம் சேர்த்து இருவருக்கு 38,500’ என்று விளம்பரம்.

நான் உடனே பணம் கட்டிவிடவில்லை. பேசிப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்தவர் சுத்தமான தமிழில் பேசினார். என் கேமரா எது என்று கேட்டார். “அண்ணா, அந்த கேமராவில் வெளிச்சம் குறைந்தால் புள்ளி விழும், கரடி கறுப்பு உடம்பு வேறு, ஒளியளவை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாறை வெளுத்துப் போகும்” என்றார். தொழில் தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. மார்பில் வெள்ளைப் பிறை பளிச்சென்று தெரிய, முதுகில் குட்டியைச் சுமந்து நிற்கும் தாய்க்கரடியின் படம் ஒன்றை அனுப்பினார். “போன மாதம் நம் மறைவிடத்திலிருந்து எடுத்தது” என்றார். கூடவே கன்னடத்தில் ஒரு கடிதம், கீழே வட்ட முத்திரை, நடுவில் என் பெயர். “பணத்துக்கு அவசரமில்லை அண்ணா, உங்களுக்கு நம்பிக்கை வந்த பிறகு போடுங்கள்” என்று அவர் சொன்ன வார்த்தைதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. அன்று இரவே 38,500 ரூபாயை அனுப்பினேன்.

ஹம்பி எக்ஸ்பிரஸில் ஹொசப்பேட்டை போய் இறங்கினோம். ஜீப் என்றார்கள், வந்தது ஒரு பழைய கார். ஓட்டுநருக்கு மறைவிடம் பற்றி எதுவும் தெரியவில்லை. வாசலில் எல்லோரையும் போல வரிசையில் நின்று நுழைவுச் சீட்டு வாங்கி, எல்லோரும் ஏறும் அதே கோபுரத்தில் ஏற்றிவிட்டார்.

கடிதத்தை அங்கிருந்த வனக் காவலரிடம் காட்டினேன். அவர் படித்தார், திரும்பவும் படித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெங்களூர்க்காரர் விளக்கிச் சொன்னார். அது ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி வைக்கக் கொடுத்த அனுமதிக் கடிதமாம். விண்ணப்பதாரர் பெயர் இருந்த இடத்தில் மட்டும் என் பெயரைப் புகுத்தியிருக்கிறார்கள். கன்னடம் தெரியாத ஆளுக்கு இது போதும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அவர்கள் கொடுத்த 600 எம்.எம். லென்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. குவியம் பிடிக்காமல் உள்ளே மோட்டார் கரகரவென்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் கரடிகள் வந்தன. ஒரு தாய், முதுகில் குட்டி. பாறையில் கால் ஊன்றி, நீண்ட உதடுகளைக் குவித்துப் பாறை இடுக்கில் இருந்த வெல்லத்தை உறிஞ்சியது. முன்வரிசை மேற்பற்கள் இரண்டு இல்லாததால் கறையானைக்கூட அப்படித்தான் இழுத்துத் தின்னும். குட்டி இறங்க மறுத்து முடியைப் பற்றிக்கொண்டு கிடந்தது. என் கண் பார்த்தது இதையெல்லாம். கேமராவில் இருப்பது கறுப்புத் திட்டுகள்.

இதைவிட ஆத்திரமூட்டியது திரும்பும் வழியில் நடந்தது. இன்னும் 5,000 ரூபாய் கொடுத்தால் விடியற்காலையில் சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள பாறைகளுக்கு நடத்திக் கூட்டிப் போகிறேன், கரடி குகைக்குத் திரும்பும்போது கிட்டத்தில் எடுக்கலாம் என்றார் ஓட்டுநர். திடீரென்று எதிர்ப்பட்டால் தேன்கரடி ஓடாது, பாயும். குறிவைப்பது முகத்தையும் தலையையும். குட்டியோடு இருக்கும் தாய் என்றால் சொல்லவே வேண்டாம். கல்லூரியில் படிக்கும் பையனை வைத்துக்கொண்டு இருக்கிறேன், என்னிடம் இப்படிக் கேட்கிறார்! “மாமா, ஊருக்குப் போய்விடலாம்” என்றான் அவன். கிளம்பிவிட்டோம்.

பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டதும் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் “கூட்டத்தில் இருக்கிறேன் அண்ணா”. அடுத்து “கணக்குப் பிரிவில் கேட்டுச் சொல்கிறேன்”. ஓர் ஆள் நடத்துகிற பக்கத்துக்கு எங்கிருந்து வந்தது கணக்குப் பிரிவு? பிறகு “கரடியைப் பார்த்தீர்கள் அல்லவா? இயற்கையை யாரும் கட்டுப்படுத்த முடியாது” என்று எனக்கே உபதேசம். நான் கேட்டது இயற்கையை அல்ல, நீங்கள் விற்ற மறைவிடத்தை என்றேன். அதற்குப் பதிலாக, கபினி சிறுத்தைப் பயணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாக ஒரு செய்தி வந்தது. 38,500 ரூபாயைத் திருப்பிக் கொடு என்று அவர்கள் பக்கத்தில் எழுதினேன். சிறிது நேரத்தில் அது நீக்கப்பட்டது. இப்போது என் எண்ணையும் தடை செய்துவிட்டார்கள். தாய்க்கரடிப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். வேறொரு மாநிலத்தில் வேறொருவர் எடுத்தது. ஓரத்தில் இருந்த அவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள்.

சரி, எச்சரிக்கைகள். சரணாலயத்துக்குள் படம் எடுக்கத் தனி அனுமதி என்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ தருவது. பயண முகவர் விற்கிற சரக்கு அல்ல. யாராவது கடிதம் காட்டினால் அந்த மொழி தெரிந்தவரிடம் படிக்கக் கொடுங்கள், வனத்துறை அலுவலகத்துக்கே தொலைபேசியில் கேளுங்கள். முழுப் பணத்தையும் தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். லென்ஸைக் கையில் வாங்கிச் சோதிக்காமல் வாடகை கொடுக்காதீர்கள். நடந்து கூட்டிப் போகிறேன் என்பவனோடு ஒரு போதும் போகாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் வங்கியில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், கிளம்புகிறேன். அந்த விளம்பரம் இன்று காலையும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே 38,500 ரூபாய், அதே கரடிப் படம்.