புதுச்சேரியில் 'பாதி விலை சொகுசு கார்' பார்க்கப் போகிறவர்கள் டயரையும் குனிந்து பாருங்கள்

ஆவணியில் புதுச்சேரி ஷோரூம் ஒன்றில் எடுத்த புது சொகுசு கார் பழுதாகிச் சென்னையில் கிடக்கிறது, இன்றோடு 41 நாள். நான் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் பழைய இன்னோவாவில் போய்வந்துகொண்டிருக்கிறேன். மாதத் தவணை மட்டும் 5ஆம் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்விடுகிறது. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் யாராவது இதே மாதிரி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் இருந்தால், ஒரு டீ குடிக்கும் நேரம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் எழுதவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் வக்கீல்.

எனக்கு முந்திரி வியாபாரம். கொட்டை மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டு நாலு கொட்டை எடுத்து வெட்டிப் பார்க்காமல் இருபது வருடத்தில் ஒரு லோடு இறக்கியதில்லை. 320 என்று எழுதி 400 பருப்பைக் (எண் கூடக் கூடப் பருப்பு சின்னது) கலக்கிறவனையும், போன சீசன் சரக்கைப் புதுசு என்று தள்ளுகிறவனையும் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இந்த ஷோரூம்காரர்களிடம் பறிகொடுத்ததுதான் பணம் போனதைவிட அதிகமாக உறுத்துகிறது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டது, இன்னோவாவில் ஏற வேண்டுமென்றால் ஒருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அதனால் செடான் வாங்கலாம் என்று ஆரம்பித்தது. அதோடு, மறைப்பானேன், எனக்கும் ஒரு நல்ல வண்டி ஓட்டிப் பார்க்க ஆசை. பென்ஸ் ஏ கிளாஸ் லிமோசின், பிஎம்டபிள்யூ 2 சீரீஸ் கிரான் கூப்பே என்று ஆறு மாதம் பார்த்தேன். இந்த இரண்டும் முதலில் வந்தபோது 40 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தன, இப்போது அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. பெரிய பெயர்களின் சின்ன வண்டிகள் இவை. ஏ கிளாஸின் 1.3 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் ரெனோவோடு சேர்ந்து செய்தது, நம் ஊர் டஸ்டர் டர்போவிலும் அதே குடும்பத்து இஞ்சின்தான் வந்தது. 2 சீரீஸ் கிரான் கூப்பே முன் சக்கரத்தில் ஓடுவது, பிஎம்டபிள்யூ என்றால் பின் சக்கரம் என்று வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு சின்ன ஏமாற்றம். இஞ்சின் மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகவே இழுக்கிறது. ஆனால் ஐம்பது லட்சத்தில் பாதி அந்தச் சின்னத்துக்குத்தான் போகிறதோ என்று தோன்றியது. பின் சீட்டும் அம்மாவுக்குத் தோதாக இல்லை. மருமகன் 'கேம்ரி எடுங்க மாமா, தலைவலி இருக்காது' என்றான். 2024 டிசம்பரில் வந்த டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் அப்போது 48 லட்சம், அதுவும் ஷோரூம் விலை. அவன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

அப்போதுதான் இந்தப் புது வண்டி. ஷோரூம் விலை 36 லட்சம், பென்ஸ் ஈ கிளாஸ் அளவுக்குப் பின் சீட்டு, மசாஜ் சீட்டு, கண்ணாடிக் கூரை, கதவை மூடினால் நூறடி ரோட்டு ஹாரன் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி ஒரு அமைதி. அம்மா ஏறி உட்கார்ந்து, 'இது போதும்டா' என்றார். எனக்கு அங்கேயே பாதி மனசு விழுந்துவிட்டது.

ஷோரூமில் இருந்த தம்பி நல்ல பேச்சுக்காரர். 'சார், 1989ல லெக்ஸஸ் வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க, டொயோட்டாக்காரன் பென்ஸுக்குப் போட்டியான்னு. 35,000 டாலருக்கு எல்எஸ் 400ன்னு இறக்கினான், அமெரிக்காவுல ஜெர்மன்காரன் கதி கலங்கிப் போச்சு. 2008ல ஹூண்டாய் ஜெனிசிஸ்னு ஒண்ணு விட்டான், 2009க்கான வட அமெரிக்காவோட சிறந்த கார் அவார்டு அதுக்குத்தான். இன்னைக்கு நீங்க வாங்குறது அப்படி ஒரு வண்டி சார்.' வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் லெக்ஸஸ் கதையில் அவர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது, அதை நான் ரொம்பப் பின்னாடிதான் படித்தேன். விற்பனை ஆரம்பித்த சில மாதத்திலேயே, ஒன்றிரண்டு புகார்தான் வந்தது என்றாலும், அதுவரை விற்ற எட்டாயிரம் வண்டியையும் திரும்ப அழைத்தார்கள். பல வண்டிகளை வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம். ஆக, விலை குறைத்ததால் மட்டும் அவன் ஜெயிக்கவில்லை. என்னுடையது மழையில் கிருமாம்பாக்கத்தில் நாலு மணி நேரம் நின்றது, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஒப்பீட்டுச் சீட்டு. வழவழ தாளில் கலரில் அச்சடித்து, இடப்பக்கம் இவர்கள் வண்டி, வலப்பக்கம் இரண்டு ஜெர்மன் வண்டிகள், கீழே 'ஆன் ரோடு' விலை, அதாவது சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து. இவர்களுடையது 38 லட்சத்துச் சொச்சம், அவர்களுடையது 58 லட்சம். இருபது லட்சம் வித்தியாசம் என்றால் யாருக்குத்தான் கை நடுங்காது? அந்த 58இல் தமிழ்நாட்டு ஆயுள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி இருந்தது. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு நம் மாநிலத்தில் வரி 20 சதவீதம். இவர்கள் வண்டிக்குப் போட்டிருந்தது புதுச்சேரி வரி, அது இதில் ஒரு சின்னப் பங்குதான். இரண்டு மாநிலக் கணக்கை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்திருக்கிறார்கள். நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம், என் வண்டிக்குக் கடலூர்ப் பதிவு டிஎன் 31தான் வர வேண்டும். ஒரே வரியை இரண்டு பக்கமும் போட்டால் 45க்கு 58, வித்தியாசம் பதின்மூன்றுதான். அதுவும் பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இருபது இல்லையே. இன்னொரு கூத்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் என்று விற்கிறவர்களே முன்கூட்டி வருமான வரி பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் நமக்கே திரும்ப வருகிற பணம். அதை 'கஸ்டமர் பெனிஃபிட் 36,000' என்று தள்ளுபடி வரிசையில் சேர்த்திருந்தார்கள்!

நான் கேட்டதும் தம்பி கொஞ்சமும் அசரவில்லை. 'பிஒய் நம்பர்லயே, பாண்டி பதிவுலயே எடுத்துக்கலாம் சார், அரியாங்குப்பத்துல ஒரு வாடகை அக்ரிமெண்ட் போட்டுடலாம், நாங்களே பாத்துக்குறோம்' என்றார். ஏழு லட்சம் மிச்சமாகிறதே என்று ஒரு ராத்திரி எனக்கும் சபலம் வந்தது. ஆனால் தினமும் கடலூரில் நிற்கும் வண்டி. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடினால் அந்த மாநிலத்துப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். 2017இல் கேரளாவில் சினிமாக்காரர்களின் புதுச்சேரி நம்பர் வண்டிகள் எல்லாம் சந்தி சிரித்தது ஞாபகம் வந்தது. ஆல்பேட்டை செக்போஸ்டைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க அந்த மசாஜ் சீட்டில் உட்கார்ந்து என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

வேண்டாம் என்று திரும்பியவனைத்தான் ஆடி மாத ஆஃபர் என்று சொல்லி இழுத்தார்கள். மூன்றரை லட்சம் குறைப்பு, ஜூலை 31க்குள் பில் போட வேண்டும். ஆடியில் வண்டி எடுக்க அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார் என்றதும், 'பில் மட்டும் இப்ப போட்டுக்கலாம், டெலிவரி ஆவணி ஒண்ணாந்தேதி' என்று அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். இன்சூரன்ஸ் ஜூலையிலிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டது, நின்ற வண்டிக்கு. இதற்கிடையில் 2025 சுதந்திர தினத்தன்று ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு வரி 40 சதவீதமானது, அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து என் வண்டிக்கு 48. பொறுத்திருந்தால் இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் மிச்சம். அதற்கு ஷோரூம்காரர்களைத் திட்ட முடியாது, என் நேரம்.

மூன்றாவது வாரமே ஒரு காலையில் வண்டி உயிரே இல்லாமல் நின்றது. பேட்டரி. 'புது வண்டியில அப்படித்தான் சார், ஒரு தடவை ஆகும்' என்றார்கள், நானும் நம்பினேன். அப்புறம் தீபாவளிக்கு முன்னால் செம்மண்டலத்தில் ஒரு ஆணி ஏறி, பக்கத்துப் பஞ்சர் கடையில் விட்டேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டே, 'அண்ணே, வண்டி எப்ப எடுத்தீங்க?' என்றார். ஆவணியில் என்றேன். 'டயர் போன வருஷத்துதா இருக்கே' என்று சொல்லி, ஓரத்தில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். 1424. 2024ஆம் வருடம் பதினாலாவது வாரம். மற்ற மூன்றையும் குனிந்து பார்த்தோம், எல்லாம் அதே அல்லது அதற்கு அடுத்த வாரம்.

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். தயாரித்த மாதமும் வருடமும் அதில் தெளிவாக அச்சடித்திருக்கிறது: 05/2024. ஷோரூம் கொடுத்த கோப்பில் ஃபாரம் 22 (வண்டியைச் செய்த கம்பெனி தரும் சான்று) இருந்தது, அதிலும் அதே மாதம். பதினாலு மாதம் எங்கேயோ ஒரு யார்டில் வெயிலும் மழையும் தின்ற வண்டியை 2025 மாடல் என்று விற்றிருக்கிறார்கள், அதற்கான சாட்சியை என் கையிலேயே கொடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள். நான்தான் பிரித்துப் படிக்கவில்லை. முந்திரிக் கொட்டையை வெட்டிப் பார்க்கிறவன்!

மேனேஜரிடம் போய் நின்றேன். 'ஷோரூமுக்கு வந்த தேதிதான் சார் கணக்கு' என்றார். கிலோமீட்டர் 38தானே ஓடியிருந்தது என்றார். கொஞ்சம் குரலை உயர்த்தியதும், 'மூணரை லட்சம் ஆஃபர் எதுக்குக் கொடுத்தோம்னு நினைச்சீங்க?' என்று கேட்டார் பாருங்கள், அந்த ஷோரூமில் நான் கேட்ட ஒரே உண்மை அதுதான். பழைய சரக்கை விற்பது தப்பில்லை, நானும் விற்றிருக்கிறேன், போன சீசன் பருப்பு என்று சொல்லி, விலையைக் குறைத்து. இதையும் அப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு லட்சம் அடித்துப் பேசி வாங்கியிருப்பேன். நாளைக்கு விற்கப் போனால் ஆர்.சி.யில் 2024 என்று இருப்பது 2024 வண்டிதான், வாங்குகிறவன் என் ஆவணிக் கதையைக் கேட்கமாட்டான்.

சரி, சர்வீஸ். புதுச்சேரியில் இருப்பது விற்கிற கடை மட்டும். மரப்பாலம் பக்கம் இடம் பார்த்தாகிவிட்டது, தீபாவளிக்குள் சர்வீஸ் சென்டர் திறந்துவிடும் என்று வாயால் சொன்னார்கள், நானும் எழுதி வாங்கவில்லை. தீபாவளி போய்விட்டது. கார்த்திகையில் புதுச்சேரியில் ஒரு கல்யாணம் முடித்து நானும் அம்மாவும் திரும்பும்போது கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் திரையில் கியர்பாக்ஸ் கோளாறு என்று எழுத்து வந்தது, வண்டி இரண்டாவது கியருக்கு மேல் ஏறவில்லை, கொஞ்ச தூரத்தில் அதுவும் நின்றது. நல்ல மழை. ஹெல்ப்லைனில் இந்தி, ஆங்கிலம், பிறகு தமிழ் பேசுகிற ஒருவர், 'லொகேஷன் பாண்டிச்சேரியா தமிழ்நாடா சார்?' என்றே மூன்று முறை கேட்டார். லாரி வர நாலு மணி நேரம். பட்டுப்புடவையோடு அம்மா ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கடைசியில் கடலூர் பஸ்ஸில் கைபிடித்து ஏற்றிவிட்டேன், இன்னோவாவைவிட உயரமான படி. வண்டி லாரியில் சென்னை போனது. உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம், பொங்கலுக்குள் வரும் என்கிறார்கள். மாற்று வண்டி கேட்டேன், அப்படி ஒரு திட்டமே இல்லையாம்.

வாங்கியது புதுச்சேரி, நான் இருப்பது தமிழ்நாடு, வழக்குக்கு அங்கே அலைய வேண்டுமோ என்று தயங்கிக்கொண்டிருந்தேன். வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன், அதற்கு ஷோரூம் அனுப்பிய பதிலில் டயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம்தான் வக்கீல் நோட்டீஸ், கடலூரில் மனு. ஃபாரம் 22, ஆர்.சி., நாலு டயரின் போட்டோ, அந்தக் கலர் சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறேன். சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்த வண்டியே மட்டமா என்று கேட்கிறார்கள். இல்லை, ஓடின வரைக்கும் அவ்வளவு சுகம், அம்மா இன்னும் அந்த சீட்டைப் பற்றித்தான் பேசுகிறார். நீங்கள் பார்க்கப் போனால் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒதுக்கின வண்டியின் சேசிஸ் நம்பரையும் ஃபாரம் 22ஐயும் கையில் வாங்கிவிடுங்கள், யார்டுக்கே போய் டயரைப் பாருங்கள். இன்சூரன்ஸ் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது, எனக்கு வெளியில் நாற்பதாயிரம் குறைவாகக் கிடைத்திருக்கும். சர்வீஸ் சென்டர் திறக்கப் போகிறோம் என்றால் அதை லெட்டர்பேடில் கேளுங்கள். தர மாட்டார்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு ஃபோன். அதே தம்பிதான். வேலை மாறிவிட்டாராம், இப்போது ஒரு ஜெர்மன் கம்பெனி வண்டி விற்கும் ஷோரூம். 'சார், அந்த வண்டிய குடுத்துட்டு எங்ககிட்ட வந்துடுங்க, எக்ஸ்சேஞ்ச்ல நல்ல ஆஃபர் ஒண்ணு இருக்கு.' அந்த வண்டியின் டயரில் என்ன எண் போட்டிருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'பாத்துச் சொல்றேன் சார்' என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை.