விளக்கை அணைத்துவிட்டு 62,000 ரூபாய் வாங்கினார்கள்: வாகனம் வைத்திருப்போர் கவனத்திற்கு

கையை விட்டுப் போன 62,000 ரூபாயின் எரிச்சல் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். திருகோணமலையில், கணினிப் பரிசோதனை செய்வதாகப் பெரிய பலகை வைத்து, ஜப்பானிய வாகனங்களை மட்டும் எடுக்கும் ஒரு கராஜில் நடந்தது இது. பெயரைச் சொல்லப் போவதில்லை. எஞ்சினில் கோளாறு என்று எச்சரிக்கும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதென்று யாரிடமாவது வண்டியை ஒப்படைக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டு ஒப்படையுங்கள்; எப்படித் தப்பலாம் என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடைய பழைய விட்ஸ் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிவதும், தானாக அணைவதும், மீண்டும் எரிவதுமாக இருந்தது. ஸ்டியரிங்கிற்குக் கீழுள்ள பதினாறு முனைச் சொக்கெற்றில் சிறிய புளூடூத் ஸ்கானரைச் செருகிப் பார்த்தபோது பி0141 என்ற குறியீடு வந்தது. புகைக்குழாயில், நச்சுப் புகையைக் குறைக்கும் கற்றலிட்டிக் கொன்வேர்ட்டருக்குப் பின்னாலுள்ள ஒட்சிசன் சென்சரின் சூடாக்கிச் சுற்றில் கோளாறு என்பதே அதன் பொருள். பியூஸ் நன்றாக இருந்தது. சென்சரின் இணைப்பைக் கழற்றி, சூடாக்கிக்குரிய இரண்டு வயர்களுக்கிடையே மல்ற்றிமீற்றர் வைத்தபோது, சில ஓம்களாவது காட்ட வேண்டிய இடத்தில் சுற்று முற்றாக அறுந்திருப்பது தெரிந்தது. ஆக, நோய் என்னவென்று வீட்டிலேயே கண்டாயிற்று. உவர்மலைக் கடற்காற்றில் சென்சரின் மறை கறள் பிடித்து இறுகியிருந்ததாலும், வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் நெருங்கியதாலும், மாற்றும் வேலையை மட்டும் அந்தக் கராஜிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னர் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன்.

மாலையில் போனபோது முதலாளி என்னை வண்டிக்குள் இருத்தி, தன்னுடைய பெரிய ஸ்கானரை என் மடியிலேயே வைத்தார். கோளாறு எதுவும் இல்லை என்று திரை சொன்னது, விளக்கும் எரியவில்லை. "ஒறிஜினல் சாமான் போட்டிருக்கு அண்ணை, இனி யோசிக்காமல் ஓடுங்கோ" என்றார். வேலை செய்த பையன் முழங்கை வரை கிரீஸோடு நின்று தலையாட்டினான். பழைய சென்சரைக் கேட்டதற்கு, அது குப்பையோடு போய்விட்டது என்றார்கள். சென்சருக்கும், கூலிக்கும், கணினிச் சீரமைப்பு என்ற ஏதோ ஒன்றுக்குமாக 62,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, தொகையை மட்டும் கிறுக்கிய துண்டுக் காகிதமொன்றைத் தந்தார்கள். மடியில் வைத்துக் காட்டிய திரையை யார்தான் சந்தேகிப்பார்கள்?

அந்தத் திரையில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. வண்டியின் கணினியில் பதிந்த கோளாறுக் குறியீட்டை அழிப்பது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. அழித்தவுடன் விளக்கு அணையும், திரையும் சுத்தமாகிவிடும். காய்ச்சல்காரனின் வெப்பமானியை உதறி வைத்துவிட்டுச் சுகமென்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றை, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பின்னரே கணினி விளக்கை மீண்டும் ஏற்றுகிறது. காசு கைமாற அந்த இடைவெளி தாராளமாகப் போதும். கந்தளாய்க்குப் போய்த் திரும்பும் வழியில் எனக்கு விளக்கு எரிந்தது. ஸ்கானரில் மறுபடியும் அதே பி0141. வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் மீண்டும் ஒரு படம் எடுத்துப் பார்த்தால், முதல் படத்திலிருந்த அதே சென்சர், அதே கறள், அதே கீறல். 62,000 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு சாவியைக்கூட அதில் வைத்திருக்கவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். பெற்றோல் சரியில்லை என்றார்கள். வயர் அறுந்த சூடாக்கிக்கும் பெற்றோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அடுத்த முறை முதலாளி சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். நேரில் போய் நின்றபோது, கணினிப் பெட்டியே பழுது, அதை மாற்ற இன்னும் ஒரு இலட்சம் வேண்டும் என்று புதுக்கதை சொன்னார்கள். படத்தைக் காட்டினேன். "படத்தில என்ன தெரியும் அண்ணை, புதுச் சாமானும் கறள் பிடிக்கும்தானே" என்று சிரித்தார் முதலாளி. 62,000 ரூபாயை விட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அதிகம் சுடுகிறது. இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை.

கடைசியில், கறள் இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, எஞ்சினைச் சற்றே சூடாக்கி, 22 மில்லிமீற்றர் சாவியால் நானே கழற்றினேன். பாகத்தின் இலக்கத்தை ஒப்பிட்டு வாங்கிய சென்சரைப் பூட்டிய பின்னர் விளக்கு எரியவில்லை. மாற்றிவிட்டதாகச் சொல்லப்பட்ட பழைய சென்சர் என் மேசையில் கிடக்கிறது.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது அதற்குரிய பொறுமை இல்லை. பழைய பாகம் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். பாகத்தின் இலக்கம் எழுதப்பட்ட பற்றுச்சீட்டை வாங்குங்கள். கோளாறு இல்லை என்று திரையைக் காட்டினால், வண்டியின் கணினி ஓட்டத்தின்போது தானே செய்யும் சுயபரிசோதனைகள் முடிந்துவிட்டனவா என்று கேளுங்கள்; முடியவில்லை என்று காட்டினால் குறியீட்டை அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள். விளக்கு தொடர்ந்து எரியாமல் கண்சிமிட்டினால் அது வேறு ஆபத்து, வண்டியை உடனே ஓரங்கட்டுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்; எழுத்திலும் முறையிடுங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தின் பிரதியையும் இரண்டு படங்களையும் இணைத்து என் முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன். 62,000 ரூபாயில் ஒரு சதமும் இன்னும் திரும்பவில்லை.