பழைய பின்போல் மெஷினுக்கு முதலாம் குறுக்குத் தெரு போதுமா?

பாலி, வில்லியம்ஸ், கொட்லீப் ஆகிய அமெரிக்கக் கம்பனிகளின் 1970, 80களின் பின்போல் மெஷின், அதாவது கண்ணாடிக்குக் கீழே இரும்புக் குண்டை உதைத்து விளையாடுகிற மெஷின், ஒன்று பழுதாகிவிட்டால், கொழும்பில் இருப்பவர் முதலில் போவது புறக்கோட்டைக்குத்தான். அங்கே முதலாம் குறுக்குத் தெருவின் எலெக்ட்ரோனிக் உதிரிப்பாகக் கடைகளைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். கரண்ட் தாங்குகிற சாமான்களுக்கு இந்தத் தெரு மிக நல்ல இடம். தொடுகை சம்பந்தப்பட்டவற்றுக்கு, அதாவது கொனெக்டர், ஐசி சொக்கெட், சுவிட்ச் தகடு போன்றவற்றுக்கு, பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இந்த மெஷின்களில் வருகிற பழுதுகளில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. ட்ரான்சிஸ்டரும் கப்பாசிற்றரும் பை நிறைய வாங்கி மாற்றிய பிறகும் மெஷின் அசையாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் பழுது எங்கே என்று தெரிந்துகொண்டு போங்கள். 1977 முதல் 80களின் நடுப்பகுதி வரை வந்த பாலி மெஷின்களில் இது சுலபம். தலைப்பெட்டிக்குள் இருக்கும், மெஷினின் மூளையான எம்பியூ போர்ட்டில் ஒரு சிறிய எல்இடி உண்டு. மெஷினைப் போட்டதும் அது ஒரு தடவை சட்டென்று மினுங்கி, பிறகு ஏழு முறை தெளிவாக எரிந்து அணைய வேண்டும். முதலாவது ரொம் சிப்புகளுக்கு, இரண்டாவது யூ7 ரேமுக்கு, மூன்றாவது 5101 ரேமுக்கு, நாலும் ஐந்தும் மற்றப் பாகங்களோடு தொடர்பு கொள்கிற இரண்டு பிஐஏ சிப்புகளுக்கு, ஆறாவது டிஸ்பிளே டைமருக்கு. ஏழாவது மட்டும் வராவிட்டால் எம்பியூவைக் கழற்றவே வேண்டாம். கொயில்களுக்குப் போகிற 43 வோல்ற்று அந்தப் போர்ட்டுக்கு வந்து சேரவில்லை. பியூஸ், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்குகிற ரெக்டிபயர்), கொனெக்டர் என்ற வரிசையில் தேடுங்கள். மெஷினைப் போட்ட உடனேயே எல்இடி எரிந்து அணையாமல் நின்றால், முதலில் 5 வோல்ற்றை அளந்து பாருங்கள். 4.9க்கும் 5.2க்கும் இடையில் அது சரியாக இருந்தால், பற்றரி கசிந்து ரீசெட் பகுதியைத் தின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தெருவின் பலமான பக்கம் கப்பாசிற்றர். அம்ப்ளிபயர் கட்டுகிறவர்கள் அதிகம் வருவதால் பெரிய பெறுமானங்கள் எப்போதும் இருப்பில் உண்டு. பாலியில் கொயில்களை இயக்குகிற சொலனொயிட் ட்ரைவர் போர்ட்டில், 5 வோல்ற்று வழியைச் சீராக்க சி23 என்று குறித்திருப்பது 11,700 மைக்ரோபராட், 20 வோல்ற்று. கடையில் 10,000, 25 வோல்ற்று என்பதை எடுத்து நீட்டுவார்கள். அதை எடுக்காதீர்கள். அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தக் கப்பாசிற்றருக்கு ஒரு செக்கனுக்கு 120 தடவை சார்ஜ் கிடைக்கும். நம் 50 ஹேர்ட்ஸில் 100 தடவைதான். இடைவெளி கூடுவதால் அதே கப்பாசிற்றரில் அலை, அதாவது வோல்ற்றின் ஏற்ற இறக்கம், இருபது வீதம் கூடுகிறது. அதை ஈடுகட்டவே 14,000 வேண்டும். 15,000 மைக்ரோபராட், 25 வோல்ற்று கேளுங்கள். இல்லையென்றால் 6,800 இரண்டைப் பக்கவாட்டில் இணைத்துக்கொள்ளலாம், 13,600 ஆகக் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். டிஸ்பிளேக்கான சி26, 160 மைக்ரோபராட், 350 வோல்ற்று. அதற்குப் பழைய டிவிகளின் பவர் சப்ளைக்கு வருகிற 220 மைக்ரோபராட், 400 வோல்ற்று நன்றாகப் பொருந்தும். அதைத் தொடுமுன் 10 கிலோஓம், 5 வாட் றெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே பத்து செக்கன் பிடித்து டிஸ்சார்ஜ் செய்வது கட்டாயம். மெஷினை அணைத்த பிறகும் அதில் 200 வோல்ற்றுக்கு மேல் நிற்கலாம்.

பெரிய உறைக்குள் சின்னக் கப்பாசிற்றரை வைத்து விற்பதும் இந்தச் சந்தையில் நடக்கிறது. ஒரே பெறுமானமுள்ள இரண்டைக் கையில் எடுத்தால் எடை வித்தியாசம் தெரியும். நம்பிக்கையாக இருக்க வேண்டுமானால் 20,000 மைக்ரோபராட் வரை அளக்கிற மீற்றர் ஒன்றைக் கொண்டு போங்கள். அதே தெருவில் கிடைக்கிற மலிவான மஞ்சள் மீற்றர்களில் இந்த அளவு இல்லை, சிலவற்றில் பீப் சத்தம்கூட இல்லை. பின்போல் வேலைக்கு டயோட் சோதனை, விரைவாக ஒலிக்கிற பீப், ஏசி வோல்ற்று, கப்பாசிற்றன்ஸ் ஆகிய நான்கும் வேண்டும். மீற்றரை ஏசியில் வைத்து 5 வோல்ற்று வழியைத் தொட்டுப் பாருங்கள். 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் கப்பாசிற்றரோ பிரிட்ஜோ களைத்துவிட்டது.

5 வோல்ற்று ரெகுலேற்றருக்கு எல்எம் 323கே கேட்டால் 7805 ஐ எடுத்துக் காட்டி "இதுவும் அஞ்சு வோல்ற்றுத்தானே" என்பார்கள். 323 தருவது 3 அம்பியர். சாதாரண 7805 இன் எல்லை 1.5 அம்பியர். பாலியில் அது தாக்குப்பிடிக்காது.

பிரிட்ஜ் ரெக்டிபயரில் குறையில்லை. 35 அம்பியர், 1000 வோல்ற்று சதுரப் பிரிட்ஜ் இன்வேற்றர், வெல்டிங் வேலைகளுக்குப் போவதால் எல்லாக் கடையிலும் இருக்கும். ஆனால் தட்டைக் கால் உள்ளதும், கம்பிக் கால் உள்ளதும் வேறு வேறு. போர்ட்டில் பொருத்தக் கம்பிக் கால்தான் வேண்டும். பெயரின் கடைசியில் டபிள்யூ எழுத்து இருக்கும். போர்ட்டோடு ஒட்ட வைக்காமல் 5, 6 மில்லிமீற்றர் உயர்த்திப் பிடியுங்கள். காற்றுப் போக வேண்டும்.

பியூஸில்தான் அவசரப்பட்டுத் தவறு செய்கிறார்கள். பின்போலில் உள்ளது 6.3க்கு 32 மில்லிமீற்றர், ஒன்றேகால் அங்குலக் கண்ணாடி பியூஸ். தட்டில் நிறைந்திருப்பது 5க்கு 20. "நானா, இந்தச் சின்னது வேண்டாம், பெரிய சைஸில் ஸ்லோ-புளோ (மெதுவாகப் போகிற வகை) தாங்க" என்று கேட்டால் பெரும்பாலும் 6க்கு 30 வரும். பிடிக்குள் போகும், ஆனால் தளர்ந்து நிற்கும். தளர்ந்தால் சூடு, சூட்டில் பிடி இன்னும் தளரும். பிடியின் தகடுகளை உள்ளே நெருக்கி, பழசாகிக் கறுத்திருந்தால் பிடியையே மாற்றிவிட்டுப் போடுங்கள். ஸ்லோ-புளோ கேட்டு வேகமாகப் போகிற வகையை வாங்கி வந்து, அது போய்க்கொண்டே இருக்கிறதென்று அம்பியரைக் கூட்டுவது மெஷினை எரிக்கிற வழி.

கொயில்களை இயக்குகிற ட்ரான்சிஸ்டர்: டிஐபி 102 கேட்டால் டிஐபி 122 கிடைக்கும். இரண்டும் 100 வோல்ற்றுத்தான், ஆனால் 102 எட்டு அம்பியர், 122 ஐந்து. சைம், நொக்கர் போன்ற ஒலி எழுப்புகிற சிறிய கொயில்களுக்கு 122 ஐ அவசரத்துக்குப் போடலாம். மற்றவற்றுக்கு 102 கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். மீற்றரை டயோட் நிலையில் வைத்து, கறுப்புக் கம்பியை உலோக முதுகில் பிடித்து, சிவப்பை ஓரத்துக் கால்கள் இரண்டிலும் மாறி மாறி வையுங்கள். 0.4க்கும் 0.6க்கும் இடையில் வரவேண்டும். நடுக்கால் முதுகோடு சேர்ந்தது, அதில் பூச்சியம். மின்குமிழ் ட்ரைவரின் 2என் 5060 க்குப் பதிலாக எம்சிஆர் 100 சரி, கால் வரிசையும் ஒன்றே. பிடி 169 தந்தால் அதன் கால்கள் தலைகீழ்; திருப்பித்தான் வைக்க வேண்டும்.

இனி வைன்டிங். கொழும்பின் மோட்டார் வைன்டிங் கடைகள் உண்மையிலேயே பெரிய வசதி. எரிந்த கொயில் ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்காமல் இங்கேயே சுற்றிவிடலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கொயிலின் உறையில் ஏஈ-26-1200 என்று அச்சாகியிருக்கும்: 26 கம்பியின் கேஜ், 1200 சுற்று. அது அமெரிக்க கேஜ். நம் வைன்டிங் கடைகள் பேசுவது இங்கிலீஷ் கேஜ். அமெரிக்க 26 என்பது 0.405 மில்லிமீற்றர், இங்கிலீஷ் 26 என்பது 0.457. "இருபத்தாறில் ஆயிரத்து இருநூறு சுற்று" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், தடித்த கம்பியில் சுற்றித் தருவார்கள். பத்து, பதினொரு ஓம் இருக்க வேண்டிய கொயில் எட்டரை ஓமுக்கு இறங்கும். கரண்ட் கால் பங்குக்கு மேல் கூடும். கம்பி உருளைக்குள் அடங்காமல் வெளியே பிதுங்கும் சாத்தியமும் உண்டு. மில்லிமீற்றரில் சொல்லுங்கள், அல்லது இங்கிலீஷ் 27, அதாவது 0.417, கேளுங்கள். 23க்கு வந்தால் அமெரிக்க அளவு 0.574, அதற்குக் கிட்டியது இங்கிலீஷ் 24, 0.559. வாங்கும்போதே ஓமை அளந்து வாங்குங்கள்.

குண்டை உதைக்கிற துடுப்பான பிளிப்பரின் கொயிலை இங்கே சுற்றக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தனிச் சுற்று. பாலியில் பெரும்பாலும் 25 கேஜில் 500 தடவை, அதன் மேல் மயிர்போன்ற 34 கேஜில் 4500 தடவை. முதலாவது உதைக்கிறது, இரண்டாவது பிளிப்பரைத் தூக்கியபடி பிடித்து வைக்கிறது. அந்த மெல்லிய கம்பியை ஒரு இடத்திலும் அறாமல், முதற்சுற்றின் திசையிலேயே, கையால் சுற்றி முடிப்பவர் அரிது. புதிதாகவே எடுப்பியுங்கள். பழையது ஏன் எரிந்தது என்பதையும் பாருங்கள். பிளிப்பர் மேலே வந்ததும் முனைச் சுவிட்ச் திறந்து இரண்டாவது சுற்றைச் சேர்க்க வேண்டும். திறக்காவிட்டால் முழுக் கரண்டும் முதற்சுற்றிலேயே ஓடிக் கொயில் கருகும். அந்தச் சுவிட்சின் தொடுமுனை அழுக்கானால் பிளிப்பர் சோர்ந்து உதைக்கும். மற்றக் கொயில்கள் எரிவது பெரும்பாலும் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட்டாகி கொயில் விடாமல் இழுத்து நிற்பதால். புதுக் கொயிலைக் கோர்க்குமுன் அந்த ட்ரான்சிஸ்டரைச் சோதியுங்கள். குறுக்கே போடுகிற 1என் 4007 டயோட்டின் வெள்ளிக் கோடு, பவர் வருகிற காலின் பக்கம் இருக்கட்டும். மாறினால் அந்தக் கொயில் உதைக்கப் போகிற முதல் கணமே பியூஸோ ட்ரான்சிஸ்டரோ போகும்.

தெரு கைவிடுகிற இடத்துக்கு வருவோம். பின்போலின் கொனெக்டர்கள் 3.96 மில்லிமீற்றர் இடைவெளி கொண்டவை. கடையில் 3.96 என்று கேட்டால் டிவி பவர் சப்ளைக்கு வருகிற வெள்ளைக் கொனெக்டரைத் தருவார்கள். இடைவெளி ஒன்றுதான், ஆனால் பூட்டு பொருந்தாது. உள்ளே உள்ள தகடும், பின்போலுக்கு வேண்டியதுபோல் ஊசியை மூன்று பக்கமும் பிடிக்கிற வகை இல்லை. மின்குமிழ் வழியில் பல அம்பியர் தொடர்ந்து ஓடுகிறது. பிடிப்புக் குறைந்தால் அந்த இடம் பழுப்பாகி, பிளாஸ்டிக் வெந்து, போர்ட்டில் சோல்டர் வெடிக்கும். ஊசியின் அடியில் மெல்லிய வட்டக் கீறல் தெரிந்தால் அதுதான். பெட்டியையும் தகட்டையும் போர்ட்டின் ஊசிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கருகிய ஊசியில் புதுத் தகட்டைச் செருகினால் சில மாதத்தில் அதுவும் கருகும். இவற்றை வெளிநாட்டு பின்போல் உதிரிப்பாக விற்பனையாளர்களிடம், அந்தத் தகட்டை நெரிக்கிற குறடோடு சேர்த்து எடுப்பிப்பதைத் தவிர வழியில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இந்தச் சிதைவைத் துரிதப்படுத்துகிறது.

ஐசி சொக்கெட்டில் பாதி வழி தேறும். தகடு வகையை விட்டு வட்டத் துளை வகை கேளுங்கள். 40 கால் சில கடைகளில் உண்டு. 6821 (பிஐஏ), 5101 (ரேம்) போன்ற சிப்புகள் கிடைத்தாலும் பழைய போர்ட்டிலிருந்து கழற்றியவையாக இருக்கலாம். நம்பி வாங்க முடியாது.

சுவிட்ச் சுத்தம் செய்ய எண்ணெய் ஸ்பிரேயைக் கடைக்காரர் கையில் தருவார். வாங்காதீர்கள். அது தூசியைப் பிடித்து வைக்கும், பொறி பறக்கிற தொடுமுனை அருகே தீயும் பிடிக்கலாம். குண்டு ஓடுகிற பலகையான பிளேபீல்டின் பொன் முலாம் பூசிய தொடுமுனைகளுக்கு ஒரு விசிட்டிங் கார்ட்டை இடையில் வைத்து, மெதுவாக அழுத்தி இழுத்தாலே போதும். அரம் போட்டால் முலாம் போய்விடும். பிளிப்பர் சுவிட்சுக்கும் 1977க்கு முற்பட்ட ரிலே மெஷின்களுக்கும் மட்டும் மெல்லிய அரம். பற்றரி கசிந்த போர்ட்டுக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி, பின்னர் நல்ல தண்ணீர், கடைசியாக ஐசோபுரொபைல் அல்ககோல். புதிய பற்றரியைப் போர்ட்டில் வைக்காதீர்கள். மூன்று ஏஏ பற்றரிப் பெட்டியை வயரில் நீட்டி வெளியே வைத்து, வழியில் ஒரு 1என் 4001 டயோட் போடுங்கள். டயோட் இல்லாவிட்டால் போர்ட் அந்தப் பற்றரிகளைச் சார்ஜ் செய்யப் பார்க்கும்.

அமெரிக்க மெஷினை 230 வோல்ற்றுக்கு மாற்றுகிறபோது ட்ரான்ஸ்போமரின் இணைப்பை மாற்றினால் மட்டும் போதாது. லைனுக்குக் குறுக்கே இருந்து மிகை வோல்ற்றைத் தடுக்கும் வரிஸ்டர் 130 வோல்ற்று வகை, அப்படியே விட்டால் வெடிக்கும். 14டி 431கே கேளுங்கள், அது 275 வோல்ற்று, தெருவில் தாராளமாக உண்டு. லைன் பியூஸ் அம்பியரில் பாதியாக வேண்டும். இரண்டு கம்பி வயரில் வந்த பழைய மெஷினுக்கு மூன்று கம்பி வயர் போட்டு எர்த்தை உலோகப் பகுதிகளோடு இணைப்பதில் சமரசம் கிடையாது. 13 அம்பியர் பிளக்குக்குள் 5 அம்பியர் பியூஸ் போதும்.

மின்குமிழுக்குப் பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டார்சைக்கிளின் 6 வோல்ற்று 4 வாட் பல்ப் கிடைக்கும், சொக்கெட்டிலும் பொருந்தும். ஆனால் மெஷினுக்குரிய 47 இலக்கப் பல்ப் இழுப்பது 0.15 அம்பியர், இது இழுப்பது நாலு மடங்குக்கு மேல். பிளேபீல்டின் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள், மீற்றரையும். தெருவில் திருப்பி எடுக்கும் வழக்கம் குறைவு, ஆகவே காசு கொடுக்குமுன் கவுண்டரிலேயே சோதிக்கக் கேளுங்கள். அதை மறுக்கிற கடையில் ட்ரான்சிஸ்டர் வாங்க வேண்டாம்.