டியூபுலரைக் கொடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி போட்டேன்: அல்சூரில் எட்டு மாத அனுபவம்

போன அக்டோபரில் வீட்டு இன்வர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி வாங்கினேன். 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், எவ்வளவு சார்ஜ் தேக்கும் என்ற அளவு). உள்ளே இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடையில் எல்.எஃப்.பி. என்பார்கள். வாங்கியதுமே எழுதாமல் காத்திருந்தது பெங்களூரின் ஏப்ரல், மே மாதங்களுக்காக. சாயங்காலம் இடி மழை வந்து எங்கேயாவது ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் அல்சூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதையும் பார்த்தாகிவிட்டது. பேட்டரி அருமையாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு இன்வர்ட்டர் என்ன ரகம் என்று பார்க்காமல் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

மாற்றியதற்கு முதல் காரணம் அம்மா. பழைய 150 ஏ.ஹெச். டியூபுலர், அதாவது ஈயமும் ஆசிட்டும் உள்ள வழக்கமான இன்வர்ட்டர் பேட்டரி, ஹாலில் அவர் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, சார்ஜ் ஏறும்போது வரும் அந்த ஆசிட் நெடி அவருக்கு இருமலைக் கிளப்பிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி வாசலின் தடவ வேண்டும். அறுபது கிலோ கனம் வேறு, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. புதியதை நான் ஒருவனே கையில் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

"150-ஐக் கொடுத்துவிட்டு 100 வாங்கினாயா?" என்று கேட்காதவர்கள் இல்லை. டியூபுலர் மேல் அச்சிட்டிருக்கும் ஏ.ஹெச். பொதுவாக இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. நாம் மூன்று நான்கு மணி நேரத்தில் இறக்குகிறோம், அப்போது அவ்வளவு கிடைக்காது. போதாததற்கு, அடிக்கடி அடிவரை வற்றவிட்டால் ஈயத் தகடுகள் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் பாதியோடு நிறுத்துவதுதான் அதற்கு நல்லது. எல்.எஃப்.பி.யில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். இரண்டு ஃபேன், நான்கு எல்.இ.டி. பல்பு, ரவுட்டர், என் லேப்டாப், எல்லாம் சேர்ந்து சுமார் 260 வாட் ஓட்டிப் பார்த்தேன், மூன்றே முக்கால் மணி நேரம் தாங்கியது. புது டியூபுலரும் ஒரு நாள் இதே நேரம் ஓடும், ஆனால் தினமும் அப்படி ஓட்டினால் நிலைக்காது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கடையில், "சார், பழைய இன்வர்ட்டரே போதும், வயரை மாற்றிக் கொடுத்தால் ஓடும்" என்றார்கள். நம்பினேன். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு இன்வர்ட்டர் சிவப்பு விளக்கோடு கத்த ஆரம்பித்தது, அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடையிலிருந்து வந்த தம்பி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சார்ஜிங் வோல்டேஜ் 14.9. டியூபுலருக்கு அது சரி. இதில் 3.2 வோல்ட் செல்கள் நான்கு, ஒவ்வொன்றும் 3.65-ஐத் தாண்டக் கூடாது, அதாவது மொத்தம் 14.6. அதற்கு மேல் போனதும் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் சார்ஜைத் துண்டித்திருக்கிறது. இன்வர்ட்டர் பின்னால் பேட்டரி ரகம் மாற்றும் சுவிட்ச் இருந்தது. எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய பேட்டரி) பக்கம் தள்ளியதும் 14.2-இல் நின்றது, அதன் பிறகு ஒரு நாளும் கத்தவில்லை. அந்தச் சுவிட்ச் இல்லாத இன்வர்ட்டர் என்றால் அதற்கும் சேர்த்துச் செலவு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இன்வர்ட்டரின் சார்ஜ் கட்டங்களை நம்பாதீர்கள். ஈய பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜும் படிப்படியாக இறங்கும், அதைப் பார்த்துத்தான் இன்வர்ட்டர் கட்டம் காட்டுகிறது. எல்.எஃப்.பி. 13 வோல்ட்டை ஒட்டியே வெகுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் சட்டென்று விழும். நான்கு கட்டமும் எரிந்துகொண்டிருந்தபோதே ஒரு நாள் எல்லாம் அணைந்துவிட்டது, ஆபீஸ் மீட்டிங் நடுவில். புளூடூத்தில் சார்ஜ் சதவீதம் காட்டும் மாடல் கொஞ்சம் விலை கூட, அதையே வாங்கியிருக்க வேண்டும்.

"சீக்கிரம் சார்ஜ் ஏறும்" என்பது பாதி உண்மை. பேட்டரி 50 ஆம்பியர்கூட ஏற்றுக்கொள்ளும், என் இன்வர்ட்டர் கொடுப்பதே 15. காலியானால் ஏழு மணி நேரம் ஆகிறது. பழையதற்கு இதுவே அரை நாளுக்கு மேல் ஆகும்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "டேய், கரண்ட் ஸ்கூட்டர் மாதிரி தீப்பிடிக்குமாடா?" நியாயமான பயம். எல்லா லித்தியம் பேட்டரியும் ஒன்று இல்லை. எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, சூடானாலும் எளிதில் வெளியே வந்து தீயை வளர்க்காது. 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வகத்தில் இதைப் பேட்டரிப் பொருளாகக் காட்டிய கட்டுரையில் ஏ.கே. பாதி (Padhi), கே.எஸ். நஞ்சுண்டசுவாமி என்று இரண்டு இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன, குட்இனஃபுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது. அதற்காக மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத பழைய செல்களைக் கோர்த்து விற்பதை வாங்க வேண்டாம், அதில் இருக்கும் பி.எம்.எஸ். எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

விலை 34,000, பழையதை எடுத்துக்கொண்டு 4,000 குறைத்தார்கள். ஈயத்துக்கு மதிப்பு உண்டு, சும்மா கொடுத்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் கரண்ட் போகிற வீடு என்றால் டியூபுலரே போதும். எங்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை போகிறது, அதனால் கொடுத்தது உறுத்தவில்லை. கடையையும் சொல்ல வேண்டும்: முதலில் தப்பாகச் சொன்னாலும், போன் செய்த அன்றே ஆள் அனுப்பினார்கள், காசும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு அங்கேயே வாங்கப் போகிறோம், இந்த முறை அவருடைய இன்வர்ட்டரின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு.