க்னோமா, கேடிஈ பிளாஸ்மாவா?

ஃபெடோரா லினக்ஸ்ல க்னோம் டெஸ்க்டாப் (ஸ்கிரீன்ல மெனு, விண்டோ எல்லாத்தையும் காட்டுற சாஃப்ட்வேர்) ஓட்டிட்டு இருக்கீங்க, கேடிஈயோட பிளாஸ்மா டெஸ்க்டாப்புக்கு மாறலாமான்னு யோசிக்கிறீங்கன்னா, முதல்ல நீங்க செட்டிங்ஸ்ல கை வைக்கிற ஆளா இல்லையான்னு பாருங்க. 2011ல க்னோம் 3 வந்தப்பவே டாஸ்க்பார், மினிமைஸ் பட்டன் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க, சூப்பர் கீய (கீபோர்டுல விண்டோஸ் லோகோ இருக்குற கீ) அழுத்து, தேடு, திற, அவ்ளோதான். பழகிட்டா செம வேகம், டச்பேடுல மூணு விரல வச்சு பக்கவாட்டுல தள்ளி ஒர்க்ஸ்பேஸ் (விண்டோக்கள பிரிச்சு வைக்கிற தனித்தனி ஸ்கிரீன் மாதிரி) மாத்துறது அவ்ளோ ஸ்மூத். ஆனா கீழ ஒரு டாஸ்க்பார் வேணும்னா எக்ஸ்டென்ஷன்னு ஒரு கூடுதல் புரோகிராம் போடணும், ஆறு மாசத்துக்கு ஒருதடவ புது வெர்ஷன் வரும்போது அது படுத்துக்க வாய்ப்பிருக்கு, இதுதான் உண்மையிலேயே கடுப்பு.

பிளாஸ்மால அந்த தொல்லை கிடையாது. பேனல்ல, அதாவது டாஸ்க்பார் இருக்குற பட்டைல, ரைட் கிளிக் பண்ணி எடிட் மோடுக்கு போனா உயரம், இடம், தானா மறையறது எல்லாம் அங்கயே இருக்கு. எனக்கு ரொம்ப புடிச்சது டால்ஃபின் ஃபைல் மேனேஜர்தான், எஃப்3 தட்டினா ஒரே விண்டோ ரெண்டா பிரியும், பென்டிரைவ் ஒருபக்கம் ஹோம் ஃபோல்டர் ஒருபக்கம் வச்சுகிட்டு இழுத்துப் போட்டுட்டே போலாம், க்னோமோட ஃபைல்ஸ்ல இது இல்ல. பிளாஸ்மான்னாலே ரேம் தின்னும்ங்கறதெல்லாம் பழைய கதை. ஆப்ஷன் அதிகம், எது எங்க இருக்குன்னு தேடவேண்டி வரும், அது நிஜம்.

என் ஓட்டு பிளாஸ்மாவுக்கு. க்னோம அழிக்க வேணாம், ரெண்டும் ஒரே மெஷின்ல இருக்கலாம், லாகின் ஸ்கிரீன்ல எது வேணுமோ அத தேர்ந்தெடுத்துக்கலாம். தீமும் செட்டிங்ஸும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம இருக்க புதுசா ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டு அதுல டெஸ்ட் பண்ணுங்க.