துக்கத்தை ஆட வைக்கும் ஆல்பம்

அயர்லாந்தின் நாட்டுப்புற மெட்டுகளையும் பங்க் என்னும் ஆவேசமான ராக் பாணியையும் கலந்த ஐரிஷ் நாட்டுப்புற பங்க் இசையில் மனதைப் பறிகொடுத்த யாரிடமாவது எந்த ஆல்பத்தில் தொடங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும். ஒன்று, போக்ஸ் இசைக்குழு 1985-இல் ஆங்கிலப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் தயாரிப்பில் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம். மற்றது, அதே குழு 1988 ஜனவரியில் வெளியிட்ட 'இஃப் ஐ ஷுட் ஃபால் ஃப்ரம் கிரேஸ் வித் காட்' என்னும் மூன்றாவது ஆல்பம். நான் இந்த மூன்றாவதன் பக்கம் நிற்பவன். பல ஆண்டுகளாக இதை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்பக் கேட்டுவந்த பிறகு, கேட்பவர்கள் இதன்மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கு என்ன காரணம், அந்தப் பிரியம் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்று எழுதிப் பார்க்கத் தோன்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடித்துக் கும்மாளமிடுவதற்கான இசை என்று பெயரெடுத்துவிட்ட இந்த ஆல்பம், மிகுந்த நிதானத்தோடு செதுக்கப்பட்ட இழவுப் பாட்டுகளின் தொகுப்பு.

குழுவின் பின்னணி தெரியாவிட்டால் பாடல்களின் மனநிலை பிடிபடாது. போக்ஸ் உருவானது அயர்லாந்தில் இல்லை. 1982-இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில். முதலில் வைத்துக்கொண்ட பெயர் 'போக் மஹோன்'. ஐரிஷ் மொழியில் அது 'என் பின்புறத்தில் முத்தமிடு' என்னும் வசவு. பொருள் புரிந்த கேலிக் மொழிக்காரர்கள் பிபிசியிடம் முறையிட்ட பிறகு பெயர் சுருங்கியது. முதன்மைப் பாடகரும் பாடலாசிரியருமான ஷேன் மக்கோவன் ஐரிஷ் பெற்றோருக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1957 கிறிஸ்துமஸ் நாளில் பிறந்து, சிறுவயதின் ஒரு பகுதியை அயர்லாந்தின் டிப்பரரியில் தாய்வழி உறவினர்களின் பண்ணை வீட்டில் கழித்தவர். குழுவில் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். ஆகவே இது மண்ணிலேயே இருந்தவர்கள் பாதுகாத்துவைத்த மரபு அல்ல. மண்ணை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் நகரத்துக் குடியிருப்பில் உட்கார்ந்துகொண்டு, கேள்விப்பட்டதையும் ஏங்கியதையும் கலந்து கட்டிக்கொண்ட மரபு. தூய்மைவாதிகளுக்கு இது எரிச்சலூட்டியதில் வியப்பில்லை.

ரீல், ஜிக் முதலிய ஐரிஷ் ஆட்ட மெட்டுகள் இயல்பிலேயே வேகமானவை. தரையில் பாதம் அடித்து ஆடுவதற்கென்றே பிறந்தவை. பங்க் ராக்கின் டிரம்ஸ் அடியோ நேரானது, நெளிவு சுளிவு இல்லாதது. இரண்டையும் சேர்ப்பது எளிது என்று தோன்றும். ஆனால் மின்கிதாரின் இரைச்சல் எழுந்துவிட்டால், ஆறே துளைகள் கொண்ட டின் விசில் என்னும் சிறு குழலும் பாஞ்சோ என்னும் தந்திக் கருவியும் காதில் விழாமலே போய்விடும். போக்ஸ் கண்டுபிடித்த வழி, கிதாரைப் பின்னால் நிறுத்திவிட்டு, பங்க்கின் ஆவேசத்தை ஜேம்ஸ் ஃபெர்ன்லியின் துருத்திக் கருவியான அக்கார்டியனுக்கும் ஜெம் ஃபைனரின் பாஞ்சோவுக்கும் மாற்றிக் கொடுத்ததுதான். விசில் வாசிக்கும் ஸ்பைடர் ஸ்டேசி மேடையில் உலோகத் தட்டைத் தன் தலையில் மோதித் தாளம் போடுவார் என்பதைப் பலரும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள். அதே கைதான் இந்த ஆல்பத்தில் ஓர் இழை பிசகாமல் மெட்டைப் பிடித்துச் செல்கிறது என்பதைக் குறிப்பிடுபவர்கள் குறைவு.

ஐரிஷ் ராக் குழுவான யூ2-இன் முதல் மூன்று ஆல்பங்களைத் தயாரித்த ஸ்டீவ் லில்லிவைட்தான் இதற்கும் தயாரிப்பாளர். முந்தைய ஆல்பத்தில் எல்லாரும் ஒரே அறையில் நெருக்கியடித்து வாசிப்பது போன்ற உணர்வு இருக்கும். இங்கே ஒவ்வொரு கருவிக்கும் தனி இடம் கிடைத்திருக்கிறது. இரண்டரை நிமிடம்கூட ஓடாத தலைப்புப் பாடலை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். அக்கார்டியனின் துருத்தி மூச்சு வாங்குவதும், அதன் அடியில் டாரில் ஹன்டின் பேஸ் கிதார் ஓடிக்கொண்டே இருப்பதும், ஆண்ட்ரூ ராங்கனின் டிரம்ஸ் யாருக்காகவும் காத்திராமல் முன்னே போவதும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். கால் தானாக ஆடத் தொடங்கும். பாடுபவரோ தன்னை எங்கே, எப்படிப் புதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முதன்முறை கேட்டபோது நான் இதைக் கொண்டாட்டப் பாட்டு என்றே நினைத்தேன். சொற்களைப் படித்துப் பார்த்த பிறகுதான், சாவைப் பற்றிய பாட்டுக்கு இவ்வளவு நாளும் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று புரிந்தது.

'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' பற்றிச் சொல்லாமல் எதையும் சொன்னதாக ஆகாது. 1987 நவம்பரில் தனியாக வெளிவந்து, அயர்லாந்தில் முதலிடத்தையும் பிரிட்டனில் இரண்டாமிடத்தையும் பிடித்த பாடல் இது. குழுவின் வேறு ஒரு பாட்டும் தெரியாதவர்கள்கூட டிசம்பர் வந்தால் இதைப் பாடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், குடித்ததற்காகக் காவலறையில் அடைபட்டுக் கிடக்கும் ஒருவனின் நினைவாகத் தொடங்குகிறது. பியானோவும் மக்கோவனின் குரலும் மட்டும் மெல்ல நகர்கின்றன. பிறகு மொத்தக் குழுவும் உள்ளே வர, தாளம் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சியின் நடுவே கர்ஸ்டி மக்காலின் குரல் கண்ணாடியைப் போலத் தெளிவாக நுழைகிறது. இந்தப் பெண் குரல் முதலில் குழுவின் பேஸ் கலைஞராக இருந்தவருக்கென்று எண்ணப்பட்டது. அவர் 1986-இல் விலகிவிட்டார். லில்லிவைட் தன் மனைவியான கர்ஸ்டியை வீட்டுப் பதிவறையில் மாதிரிக்காகப் பாட வைத்துக் கொண்டுவந்தார். கேட்ட குழுவினர் வேறு யாரையும் தேடவில்லை.

இந்தப் பாடலின் உயிர் அதன் சண்டையில் இருக்கிறது. காதலில் தொடங்கியவர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்கிறார்கள். தானும் ஓர் ஆளாக வந்திருக்கலாம் என்று அவன் புலம்ப, அது யாரால்தான் முடியாது என்று அவள் ஒரே வெட்டாக வெட்டுகிறாள். அந்த ஒரு பதிலில் சுயபச்சாதாபம் முழுவதும் சரிந்து விழுகிறது. அதன் பிறகு அவன் சொல்லும் சமாதானம் அதனாலேயே நம்பும்படியாக இருக்கிறது. ஏச்சில் வரும் இழிசொற்கள் சிலவற்றை பிபிசி ரேடியோ 1 2007-இல் ஒலியிழக்கச் செய்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அன்றே முடிவை மாற்றிக்கொண்டது. 2020-இல் மீண்டும் திருத்திய வடிவத்தை ஒலிபரப்பியது. அந்தச் சொற்களால் காயப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை அந்தப் பாத்திரங்களின் வாயில் வருபவை. அவர்கள் நல்லவர்களாக நமக்கு அறிமுகப்படுத்தப்படவும் இல்லை. கர்ஸ்டி 2000 டிசம்பரில் மெக்சிகோவின் கடலில் படகு மோதி இறந்தார். அதைத் தெரிந்துகொண்டு கேட்பவர்களுக்கு இறுதியில் வரும் மணியோசை வேறு மாதிரி ஒலிக்கும்.

என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் உச்சம் அதுவும் இல்லை. கிதார் கலைஞர் ஃபிலிப் ஷெவ்ரான் எழுதிய 'தௌசண்ட்ஸ் ஆர் செய்லிங்' தான். டப்ளினின் தொடக்க கால பங்க் குழு ஒன்றிலிருந்து வந்த ஷெவ்ரான், அமெரிக்காவுக்கு வந்த குடியேறிகள் இறங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் நின்று, அங்கே கரையிறங்கிய புலம்பெயர்ந்தோரின் ஆவியோடு பேசுவதைப் போல இதை அமைத்திருக்கிறார். அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அந்தக் கப்பல்களிலேயே செத்தவர்கள் ஏராளம் என்பதால் அவற்றுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே பெயர். பாட்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. 1980-களில் வேலையின்மையால் அமெரிக்காவுக்குப் போய், முறையான ஆவணங்கள் இல்லாமல் ஒளிந்து வாழ்ந்த ஐரிஷ் இளைஞர்களிடம் வந்து சேர்கிறது. வெளிச்சம் எட்டிப் பார்க்காத அறையில் உட்கார்ந்துகொண்டு, நீல வானமும் கடலும் அச்சிட்ட அஞ்சலட்டையை ஊருக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். வெளியூர் போய்ப் பிழைத்த எவருடைய குடும்பத்திலும் அப்படியோர் அஞ்சலட்டை இருக்கும். கூட்டமாகச் சேர்ந்து பாடத் தோதான பல்லவி இருந்தும், ஒவ்வொரு முறை அது திரும்பி வரும்போதும் முன்னைவிடக் கனமாக வருகிறது.

அரசியல் பேசும் பாட்டும் உண்டு. குழுவின் டெர்ரி வுட்ஸ் எழுதிய மென்மையான முன்பகுதியும் மக்கோவனின் கொதிக்கும் பின்பகுதியும் சேர்ந்த ஒரு பாடல், 1974-இல் 21 பேர் பலியான பர்மிங்காம் மதுக்கடைக் குண்டுவெடிப்புகளுக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஆறு ஐரிஷ்காரர்களைப் பற்றியது. 1988-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைத் தடைசெய்தது. 1991 மார்ச்சில் அந்த ஆறு பேரும் விடுதலையானார்கள். கோபத்தில் எழுதிய பாட்டு பெரும்பாலும் செய்தி பழசானதும் செத்துப்போகும். இது சாகாததற்குக் காரணம், முழக்கத்துக்கு முன்னால் அந்த அமைதியான முன்பகுதி இருப்பதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. 'மெட்ரோபோலிஸ்' என்னும் வாத்திய இசை, ஜாஸ் பாணியையும் ரீலையும் அடுத்தடுத்து ஒட்டவைத்திருக்கிறது, ஒட்டியது தெரிகிறது. 'ஃபியஸ்டா' திருவிழாக் கூச்சல் மட்டுமே. நேரில் மேடையில் கேட்டால் அமர்க்களமாக இருக்கக்கூடும், வீட்டில் உட்கார்ந்து கேட்கையில் மூன்றாவது நிமிடத்தில் கை தானாக ஒலியளவைக் குறைக்கப் போகிறது. மக்கோவனின் உச்சரிப்பு பல இடங்களில் குழறலாக இருப்பதால், சொற்களைக் கையில் வைத்துக்கொள்ளாமல் முதல்முறை கேட்பவர் பாதியைத் தவறவிடுவார்.

அந்தக் குழறலையே காதலிக்கும் ரசிகர்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உடைந்த பற்களும் கையில் கோப்பையுமாக மக்கோவனின் படத்தைச் சட்டையில் அச்சிட்டு அணிகிறார்கள். அவர் தள்ளாடியதையே கவிதை என்று கொண்டாடுகிறார்கள். அந்தக் குடிதான் 1991-இல் ஜப்பான் பயணத்தின்போது அவரைச் சொந்தக் குழுவிலிருந்தே வெளியேற்றியது. இந்த ஆல்பத்தில் ஷானன் ஆற்றின் பெயரைத் தாங்கிய 'த பிராட் மஜெஸ்டிக் ஷானன்' பாட்டை எழுதியவர் தள்ளாடிக்கொண்டு எழுதியிருக்க முடியாது. ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கி, பழைய விளையாட்டு ஆட்டத்தையும் பழைய சிநேகத்தையும் தொட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொள்ளச் சொல்லும் அந்தப் பாட்டில் ஒரு சொல் மிகையில்லை. அவர் 2023 நவம்பர் 30 அன்று இறந்தார். டிப்பரரியின் நீனா தேவாலயத்தில் நடந்த இறுதித் திருப்பலியில், 'ஃபேரிடேல்' பாடப்பட்டபோது குடும்பத்தினர் எழுந்து சவப்பெட்டியின் அருகிலேயே ஆடினார்கள். வெளியாருக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்கும். இந்த ஆல்பத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது வெகு இயல்பான காட்சி.

பின்னால் வந்தவர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மாசசூசெட்ஸின் குயின்ஸியில் 1996-இல் தொடங்கிய ட்ராப்கிக் மர்ஃபீஸ், லாஸ் ஏஞ்சலிஸில் டப்ளின்காரரான டேவ் கிங் தொடங்கிய ஃப்ளாகிங் மோலி ஆகிய இரு குழுக்களும் போக்ஸின் வேகத்தையும் கூட்டுப் பல்லவியையும் எடுத்துக்கொண்டு, கிதாரை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தன. உடற்பயிற்சிக்கும் விளையாட்டரங்குக்கும் மர்ஃபீஸ் பொருத்தம். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் ஃப்ளாகிங் மோலியைச் சொல்வேன். கிங்கின் மெதுவான பாட்டுகளில் அந்தப் பழைய வலி கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குவது நல்லது. சில குறுந்தகட்டுப் பதிப்புகளில் கூடுதலாகச் சேர்த்ததைக் கடைசியில் வைக்காமல் நடுவில் செருகியிருக்கிறார்கள். 'தௌசண்ட்ஸ்' முடிந்து மனம் கனத்து நிற்கும் இடத்தில் 'சவுத் ஆஸ்திரேலியா' என்னும் மாலுமிப் பாட்டு துள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, இடம்தான் தப்பு. அதற்காகவே நான் பழைய இசைத்தட்டைத் தேடி, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். 'மிக நல்ல நிலை' என்று எழுதியிருந்தவர், 'ஃபேரிடேல்' தொடக்கப் பியானோவின் மேலேயே ஒரு கீறல் இருப்பதைச் சொல்லவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. டக், டக் என்ற அந்தச் சத்தத்தோடு கேட்டுப் பழகி, இப்போது சுத்தமான பதிவில் அது இல்லாதது ஏதோ குறைவதுபோல் இருக்கிறது. தட்டின் கடைசியில் புழுக்கள் பிணத்தைத் தின்பது பற்றி ராங்கன் உறுமிப் பாடும் 'வார்ம்ஸ்' என்னும் ஒரு நிமிடச் சொச்சப் பாட்டு இருக்கிறது. முதல் சில முறை சிரித்தேன். இப்போதெல்லாம் ஷானன் பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடுகிறேன்.